ஒரு நாளும் லீவு போடாதவள்

அந்தப் பெண்ணுக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்தவர் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். காலையில் அவர் சாவிக்கொத்தோடு வரும்போது வெளிக்கதவில் இரண்டு பொருள்கள்தான் இருக்குமாம். ஒன்று பூட்டு, இன்னொன்று அவள். “எனக்கு முன்னாடி இது ரெண்டும்தான் டியூட்டிக்கு வருது” என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஒன்றாம் வகுப்பில் வந்த பெயர் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒட்டிக்கொண்டது. ஆசிரியர்களே வாய் தவறி அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

படிப்பின்மேல் அவளுக்கு அப்படி ஒரு பித்து என்று நினைத்துவிட வேண்டாம். அம்மாவுக்கு ரொட்டி ஆலையில் பாக்கெட் போடும் வேலை, விடிந்ததும் ஷிப்ட். அப்பா லாரி ஓட்டுகிறவர். போனால் எப்போது திரும்புவார் என்பது லாரிக்கே தெரியாது. பிள்ளையைத் தனியாக வீட்டில் விட முடியாது. ஆலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடம் இருந்தது, இறக்கிவிட்டுப் போனாள். காய்ச்சல் அடித்தாலும் அதே வழிதான். ஒரு மாத்திரையை விழுங்க வைத்து, ஒரு பழைய துண்டைப் பையில் திணித்து, “தலை சுத்தினா நர்சம்மாகிட்ட போய்ப் படுத்துக்கோ” என்று சொல்லி அனுப்புவாள்.

நர்சம்மா என்று அவர்கள் சொல்வது என்னை. நான் நர்ஸ் இல்லை. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். அந்தப் பெண் பள்ளியில் சேர்ந்த அதே வருடம் நானும் இங்கே வேலைக்கு வந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, இரண்டு கட்டில், முகம் கழுவும் தொட்டி, ஒரு எடைக்கருவி. சாய்ந்த கூரை, கட்டிலில் படுத்தால் மேலே ஓடுகிற கால்களின் சத்தம் எல்லாம் கேட்கும். ‘சிக் ரூம்’ என்று பலகை தொங்கும். பூட்டின் பாதிக் குழந்தைப் பருவம் அந்தக் கட்டிலில்தான் கழிந்தது.

மூன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர், “இந்தப் பொண்ணு ஒரு நாள்கூட வராம இருந்ததில்லையே!” என்று கண்டுபிடித்துச் சொன்னார். வருடக் கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். சுவரில் மாட்டத் தகுந்த காகிதம் என்று அந்த வீட்டுக்கு அதுவரை ஒன்றும் வந்ததில்லை. அடுத்த வருடம் இன்னொன்று வந்தது. அதற்கடுத்த வருடம் மற்றொன்று. கொண்டுபோய் விட வேறு இடம் இல்லாமல் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளை, மெல்ல மெல்லக் கடமை தவறாத பிள்ளையாகிவிட்டது. சுவர் நிறைய நிறைய அம்மாவே அதை நம்பத் தொடங்கிவிட்டாள்.

ஆறாம் வகுப்பில் அவளுக்குக் கண்வலி. இரண்டு கண்ணும் சிவந்து, பீளை கட்டி, இமை ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். “ரெக்கார்டு கெட்டுடும்மா, கடைசி பெஞ்சுல உட்காரட்டும்” என்றார் தலைமை ஆசிரியை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் பாதிப் பள்ளிக்கூடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டில் கிடந்தது. என் அறையில் பஞ்சு தீர்ந்துபோனது. அந்த வருடம் முழு வருகைச் சான்றிதழ் வாங்கிய ஒரே ஆள் அவள்தான். மற்றவர்களுக்கெல்லாம் அவளே லீவு வாங்கிக் கொடுத்துவிட்டாளே, போட்டிக்கு யார் மிச்சம்? மேடையில் எல்லோரும் தட்டினார்கள். நான் வாளியில் டெட்டால் கலக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத் தேர்வு கழுத்துக்கு வந்துவிட்டது, அதற்கு முன்னால் விருது விழா. பன்னிரண்டு வருடமும் விடாமல் வந்த மாணவி என்று இந்தப் பள்ளியில் அதுவரை யாரும் இல்லை. தலைமை ஆசிரியைக்கு அவள் தோண்டாமலே கிடைத்த புதையல். புதிதாகப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக அடிக்கிற துண்டுப் பிரசுரத்தின் முதல் பக்கம் அவளுக்கு என்று முடிவாகிவிட்டது. முழங்கால் உயரத்தில் பொன்முலாம் பூசிய கோப்பை ஒன்றும் வந்து இறங்கியது.

பரிசு வாங்குவதற்கு இவ்வளவு படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இடது கையால் வாங்கு, வலது கையால் கைகொடு, முகத்தைக் கேமரா பக்கம் திருப்பு, பல் தெரியட்டும், விருந்தினருக்கு முதுகைக் காட்டாமல் இறங்கு. விளையாட்டு ஆசிரியர், பிள்ளைகளுக்கு அவர் பி.டி. சார், விருந்தினராக நின்று காலி அட்டைப் பெட்டிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கைதட்டப் பயிற்சி. நீள விசில் ஊதினால் தட்ட வேண்டும், குட்டை விசிலுக்கு நிறுத்த வேண்டும். ஒத்திகைக்கு வர முடியாதவர்களுக்குப் பதிலாக மேடையேற ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். நெடுநெடுவென்று இருப்பாள், ‘குச்சி’ என்பார்கள். ஒரு வாரம் முழுக்கப் பாடம் நடக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும் வேதியியல் புத்தகத்தை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு கை தட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் பூட்டு என் அறைக்கு வந்தாள்.

“தலைவலி.”

“தலைவலியா, ஒத்திகைவலியா?”

“ரெண்டும்தான்” என்று சொல்லிவிட்டு வழக்கமான கட்டிலில் படுத்தாள். “நர்சம்மா, எனக்கு எதுக்குப் பரிசு?”

“நீ ஒரு நாளும் லீவு போடலையாம்.”

“பெஞ்சும்தான் போடல. அதைத் தூக்கிட்டுப் போய் மேடையில வெக்க வேண்டியதுதானே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. வேதியியல் புத்தகத்தை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் பேசினாள்.

“இந்த ரெண்டு பாடமும் நடந்தப்ப நான் இங்க படுத்திருந்தேன். டீச்சரைப் பொறுத்தவரைக்கும் நான் வந்திருக்கேன். புத்தகத்தைப் பொறுத்தவரைக்கும் நான் வரல. இந்தக் கூரையில விரிசல் எப்படி எப்படிப் போகுதுன்னு பரீட்சையில கேட்டா படம் வரைஞ்சு பாகம் குறிச்சிடுவேன்.”

“அதுக்கு யாரும் மார்க் போட மாட்டாங்க.”

“அதைத்தான் சொல்றேன். பரிசு குடுக்கறவங்க நான் எங்க இருந்தேன்னு பாக்கறாங்க. பரீட்சை என்ன தெரியும்னு கேக்கும். பெயிலாயிட்டேன்னா என்ன பண்ணுவாங்க? கோப்பையைத் திருப்பிக் கேப்பாங்களா?”

“கத்தாத. மேல இருக்கறவங்களுக்குக் கேட்டுடும்.”

“அம்மா கோப்பைக்குச் சுவர்ல பலகை அடிச்சுட்டாங்க. நல்லாப் பெரிசா. எனக்கு அதைப் பாத்தாலே குமட்டுது.”

பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் தேர்வு நேரத்தில் பலதும் சொல்லும். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவது என் வழக்கம். ஆனால் இவள் பேசியது பயத்தில் இல்லை. அழுகிய பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு ‘சாப்பிடு’ என்று சொன்னால் ஒரு முகம் வருமே, அந்த முகத்தோடு பேசினாள்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் அவள் வந்தபோது வலி தலையிலிருந்து தாடைக்கு இறங்கியிருந்தது. வலது கன்னம் காதுக்குக் கீழே பந்து மாதிரி வீங்கி, காது மடலையே மேலே தூக்கி நிறுத்தியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால் கண்ணில் தண்ணீர் வந்தது. நெருப்பாகக் காய்ச்சல்.

“பல்லா நர்சம்மா?”

“பல் இல்ல. பொன்னுக்கு வீங்கி.”

“ஐயோ, பரீட்சைக்குள்ள வத்திடுமா?”

“இப்பவே போய்ப் படுத்தேன்னா வத்தும். ஆட்டம் போட்டா சொல்ல முடியாது.”

கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. அதைக் கவனித்தேன்.

நேரே தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். மேஜை நிறைய ரிப்பன். யாருக்கு எந்த நிறம் என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், பூட்டுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

“நல்லதாப் போச்சு. கேமரா இடது பக்கம்தான் நிக்கப்போகுது.”

எவ்வளவோ வாந்தி அள்ளியிருக்கிறேன், படுக்கைப்புண் கழுவியிருக்கிறேன். எனக்கு லேசில் குமட்டாது. அன்றைக்குக் குமட்டியது.

“மேடம், இது எச்சில்ல பரவற நோய். பன்னண்டாம் வகுப்பு மொத்தமும் ஒரே ஹால்ல நெருக்கியடிச்சு உட்காரப் போகுது. இப்ப ஒட்டினா அதுங்களுக்குப் பரீட்சை நடக்கறப்ப வீங்கும்.”

“பயமுறுத்தாதீங்க. ஒரு நிமிஷ வேலை. மேல வரணும், வாங்கணும், இறங்கணும். மீதி நேரம் உங்க ரூம்லயே படுத்துக் கிடக்கட்டும். காம்பவுண்டுக்குள்ள இருந்தா வருகைதானே?” என்றவர், ஒரு நீல ரிப்பனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அவங்க அம்மாவுக்குப் போன் போடுங்க. ஒரு ஸ்கார்ஃப் கொண்டுவரச் சொல்லுங்க. நல்ல கலரா.”

அம்மா ஆலையிலிருந்து அப்படியே வந்தாள். தலைமுடி விழாமலிருக்கப் போடுகிற வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. மகளின் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“இவ்வளவுதானா? போன் வந்ததும் நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்.”

“அம்மா, நான் வீட்டுக்குப் போறேன். படுக்கணும். பரீட்சைக்குள்ள எழுந்துக்கணும்.”

“நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோடி. நாளன்னைக்கு எவ்வளவு வேணும்னாலும் படு.”

“நாளைக்கும் வலிக்குமே!”

“பன்னண்டு வருஷம் ஓடிட்டுக் கோட்டுக்குப் பக்கத்துல போய் உட்காருவியா? ஷிப்ட்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. ரெண்டு பேரு லீவு போட்டுட்டு வராங்க, தெரியுமா?”

“அவங்க போடலாம், நான் போடக் கூடாதா?”

“கன்னம் வீங்கியும் வாய்க்கொழுப்பு குறையுதா பாரு!” அம்மா என் பக்கம் திரும்பினாள். “நர்சம்மா, நீங்களே சொல்லுங்க. ஒரு நிமிஷம் மேடையில நின்னா உசுரா போயிடும்?”

“உசுரு போகாது. மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டும். இவளுக்கு இன்னும் கூடும். கூட்டிட்டுப் போங்க.”

“பெரியவங்கன்னு மரியாதையா கேட்டுக்கறேன். ஆனா இது எங்க வீட்டு விஷயம்” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “நான் நாலாம் வகுப்பு வரைக்கும் போனேன். போனேன்னா, எங்க போனேன்? தம்பிக்குக் காய்ச்சல்னா நான் லீவு, தங்கச்சி பல்லு முளைச்சா நான் லீவு. டீச்சருக்கு என் முகமே தெரியாது. பேரைக் கூப்பிட்டா நானே திரும்பிப் பாக்க மாட்டேன், அவ்வளவு நாள் போகாம இருந்திருக்கேன். இவளையாவது நாலு பேரு பேரைச் சொல்லிக் கூப்பிடட்டுமே.”

அந்தப் பொம்பளையைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. சட்டம் போட்டு மாட்டியது அவள். மாட்டக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அம்மாவும் மகளும் வெளியே போனார்கள்.

மறுநாள் விழா. பின்வாசல் வழியாக மகளைக் கூட்டிவந்தாள் அம்மா. தலையையும் தாடையையும் சேர்த்துச் சுற்றிய நீல ஸ்கார்ஃப். அவிழ்த்தபோது இடது பக்கமும் வீங்கியிருந்தது தெரிந்தது. விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகி ஸ்கார்ஃபின் ஒரு முனை நனைந்திருந்தது. அதைக் கொதிநீரில் போட வேண்டும் என்று தனியே எடுத்து, தாழ்வாரத்துப் பக்கம் ஜன்னல் கம்பியில் வெளியே தொங்கவிட்டேன். ஈரத்துணியைக் கன்னத்தில் வைத்தேன். கஞ்சியை ஸ்பூனால் கொடுத்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். “கூப்பிடறப்ப வந்துடு” என்று மட்டும் சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்விட்டாள். அவள் கூட்டிவந்த ஆலைத் தோழிகள் இரண்டு பேர் அங்கே இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

வெளியே நடந்ததை என்னவென்று சொல்ல. பரிசு வாங்கும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரே பவுடர் பஞ்சால் அத்தனை முகத்திலும் ஒற்றினார் ஒரு டீச்சர். ஒரே உதட்டுச்சாயக் குச்சி எல்லா வாயிலும் போய்விட்டு வந்தது. விருந்தினருக்காகக் கழுவி வாசனை தெளித்த கழிவறைக்குப் பூட்டு. பிள்ளைகளின் கழிவறையில் தண்ணீர் இல்லை. விருந்தினர், ஊரில் பாதிக் கட்டடங்களைக் கட்டிய கான்ட்ராக்டர், வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். வந்தவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். நேரம் தவறாமை பற்றியும் பேசினார். அவர் பேசும்போது யாரும் எழுந்து போகக் கூடாது என்று உத்தரவு. மூன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்ததும் அதைப் பார்த்துப் போய்விட்டது. என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் வாளியும் துடைப்பமுமாகக் குனிந்து துடைக்கிறேன், தலைக்கு மேலே ஒலிபெருக்கியில், “தூய்மையே இந்தப் பள்ளியின் அடையாளம்!”

திரும்பி வந்தால் என் அறை வாசலில் பி.டி. சார் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிச்சும்மா! அடுத்து இதோட பேருதான்!”

நான் எதையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவளாகவே எழுந்து போட்டிருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், தலையணைக்குப் பக்கத்தில் வேதியியல் புத்தகம்.

“ஏம்மா, எழுந்து வாம்மா, சார் சொல்றேன் இல்ல?” என்று கெஞ்சினார் பி.டி. சார். பட்டுச் சரசரக்கத் தலைமை ஆசிரியையே ஓடிவந்தார்.

“கதவைத் திற! சிறப்பு விருந்தினர் காத்துக்கிட்டிருக்கார்!”

உள்ளேயிருந்து குரல் வந்தது. வீங்கிய வாய், அதனால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“மேடம், நான் இன்னைக்கு ஆப்சென்ட்.”

“என்னது?”

“ஆப்சென்ட் மேடம். போட்டுக்கோங்க.”

தலைமை ஆசிரியை கதவைத் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னிடம், “இன்னொரு சாவி இருக்கா?” என்றார்.

“தாழ்ப்பாளுக்கு ஏது மேடம் சாவி?”

ஹாலில் அறிவிப்பாளர் முன்னுரையை ஆரம்பித்துவிட்டார். மழை, வெயில், காய்ச்சல், எதுவும் தடுக்க முடியாத மாணவி என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியையின் கண் தாழ்வாரத்தில் இங்கும் அங்கும் ஓடி, ஜன்னல் கம்பியில் தொங்கிய நீல ஸ்கார்ஃபில் போய் நின்றது.

“குச்சி எங்கே? சீக்கிரம்! மூஞ்சியைச் சுத்தி விடுங்க, தூரத்துல யாருக்குத் தெரியப்போகுது?”

பி.டி. சார் ஸ்கார்ஃபை உருவினார்.

“தொடாதீங்க சார்! அது எச்சில் துணி, நோய்த்துணி!”

“ஒரே நிமிஷம்மா!” என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். என் முழங்காலுக்கு அவர் ஓட்டம் எட்டுமா? மேடைப் படியருகே நான் போய்ச் சேர்ந்தபோது குச்சியின் மூக்குக்குக் கீழே எல்லாம் நீலமாக இருந்தது. நனைந்த முனை அவள் வாய்மேலேயே சரியாக விழுந்திருந்தது. பேரைக் கூப்பிட்டார்கள். குச்சி ஏறினாள். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தவள் அவள்தானே! இடது கையால் வாங்கினாள், வலது கையால் கைகொடுத்தாள், கேமரா பக்கம் திரும்பினாள். பல்தான் தெரியவில்லை. ஒரு நாளும் வராமல் இருந்ததே இல்லை என்பதற்கான பரிசை, வராத பெண்ணுக்காக வேறொருத்தி வாங்கினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் ஒன்றை மறந்துபோனார்கள். பெற்றவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் பக்கவாசலில் நின்று அவளையே பார்த்தேன். பேரைக் கேட்டதும் நிமிர்ந்தாள். மேடையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த தோழி இடித்து, “ஏய், உன் பொண்ணா அது? என்னமா வளந்துட்டா!” என்றாள். அம்மா மேடையை இன்னொரு முறை பார்த்தாள். தலையை ஆட்டினாள். பி.டி. சார் விசிலுக்குப் பதிலாக ஓரத்திலிருந்து கையை உயர்த்தினார், ஹாலே தட்டியது. அவளும் தட்டினாள். ஆனால் அவர் கையை இறக்குவதற்கு முன்பே அவள் கை நின்றுவிட்டது.

நான் அறைக்குத் திரும்பிய சற்று நேரத்தில் அம்மா வந்தாள். கையில் கோப்பை. குச்சி இறங்கியதும் அவளிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பிடித்த இடத்தில் பொன்முலாம் அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. கதவைத் தட்டினாள்.

“நான்தான்டி.”

“மேடைக்கா?”

“இல்ல. வீட்டுக்கு.”

தாழ்ப்பாள் விலகியது. அம்மா உள்ளே போய் எடைக்கருவியின்மேல் கோப்பையை வைத்தாள். வேறு இடம் இல்லை.

“எவளோ ஒருத்தி வாங்கினா” என்றாள்.

“தெரியும். மைக்குல கேட்டுது.”

“உன் பொண்ணான்னு கேட்டா. ஆமான்னு தலையை ஆட்டிட்டேன். பெத்தது இங்க ரெண்டு பக்கமும் வீங்கிக் கிடக்குது, எவ பிள்ளையையோ பாத்து ஆமான்னு சொல்றேன். கைவேற தட்டினேன். தூ!” தொட்டியில் போய்க் காறித் துப்பினாள்.

“துப்பினா தண்ணி ஊத்துங்க” என்றேன்.

குழாயைத் திறந்து ஊற்றினாள். கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், முலாம் போகிற வரைக்கும். பிறகு மகளின் செருப்பைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள்.

“நடப்பியா?”

“நடப்பேன். நாளைக்கு யாரு இருப்பாங்க வீட்டுல?”

“நான் இருக்கேன்.”

“ஆலை?”

“ஆலை ஓடும். எனக்கு முன்னாடியும் ஓடிச்சு.”

பின்வாசல் பக்கம் அவர்கள் போகவில்லை. ஹாலில் விழா நடந்துகொண்டிருக்கும்போதே முன்வாசல் வழியாக, எல்லோரும் பார்க்க நடந்தார்கள். வாட்ச்மேன் திகைத்துப்போய், “என்ன பூட்டு, இன்னும் மணி அடிக்கலையே!” என்றார்.

“லீவு தாத்தா” என்றாள் அவள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலையில் மேஸ்திரி கத்தினான். அம்மா போகவில்லை, காய்ச்சல் விடும்வரை மகளோடு இருந்தாள். அவள் கஞ்சி வைக்க, மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்தாளாம். புரியாமலே அம்மா ‘ம்’ கொட்டினாளாம். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுவரில் அடித்த பலகையில் மருந்துச் சீசாவும் வெந்நீர் பிளாஸ்க்கும் இருந்தன.

கோப்பை என் எடைக்கருவியின்மேலேயே இருந்தது. பி.டி. சார் வந்து, “தகட்டை மட்டும் மாத்திட்டா அடுத்த வருஷத்துக்கு ஆகும்” என்று தூக்கிக்கொண்டு போனார். துண்டுப் பிரசுரம் வந்தது. முதல் பக்கத்தில் நீல ஸ்கார்ஃபோடு குச்சி, கீழே பூட்டின் பெயர். அந்தப் படம் அச்சாகி வந்த நாளில் குச்சி இரண்டு கன்னமும் வீங்கி, பதினொன்றாம் வகுப்பு ஆண்டுத் தேர்வை விட்டுவிட்டு வீட்டில் கிடந்தாள். ஒத்திகையில் ஒட்டியதோ வகுப்பு பெஞ்சில் ஒட்டியதோ, பன்னிரண்டாம் வகுப்பிலும் சில பேருக்கு வந்தது. அவர்களை என் அறையில் உட்கார வைத்துத்தான் தேர்வு எழுத வைத்தார்கள், கட்டிலுக்குக் குறுக்கே பலகை போட்டு. எச்சிலைத் துடைத்துத் துடைத்து எழுதினார்கள். ஒன்று பாதியில் அழுதுகொண்டு பேனாவை மூடியது. தலைமை ஆசிரியை அந்தப் பக்கமே வரவில்லை. வகுப்பு டீச்சரிடம், பூட்டுக்கு அந்த நாள்களில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். “பிரசென்ட்தான்மா. மேடம் சொல்லிட்டாங்க” என்றார். ஆக, ஒரு நாளும் லீவு போடாதவளாகவே அவள் பள்ளியை முடித்தாள்.

வேதியியல் தேர்வன்று காலையில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்து, கூட்டமெல்லாம் உள்ளே போன பிறகு அவள் வந்தாள். கன்னம் வற்றி முகம் பழையபடி இருந்தது, கொஞ்சம் இளைத்திருந்தாள்.

“என்ன பூட்டு, லேட்டு?” என்றார் வாட்ச்மேன்.

“தூங்கிட்டேன் தாத்தா. அம்மா எழுப்பல.”

“உருப்பட்டாப்பலதான்! ஓடு, ஓடு!”

அவள் ஓடவில்லை. நடந்தே போனாள். மதியம் வெளியே வந்ததும் கேட்டேன், எப்படி எழுதினாய் என்று.

“தெரிஞ்சதை எழுதினேன். தெரியாத இடத்தைக் காலியா விட்டுட்டேன் நர்சம்மா.”

தேறினாள். மார்க் சுமார்தான்.